டிரைடவுனுக்கு ‘அடங்குமணம்’: வெள்ளைப்போள வாசனையை அணிந்து பார்த்த பின் ஒரு முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

வாசனைத் திரவியங்களை மதிப்பிடுவோர் நாள்தோறும் புழங்கும் ‘டிரைடவுன்’ என்ற சொல்லுக்கு, அதாவது அணிந்த திரவியத்தின் முதல் மணங்கள் போனபின் தோலில் நிலைக்கும் பிற்கட்ட மணத்துக்கு, தமிழ்ச்சொல் தேடும் இவ்விழையில் இதுவரை உலர்மணம், அடிமணம், எச்சமணம், ஈற்றுமணம் என்று நான்கு சொற்கள் வந்துள்ளன. எழுதிப் பார்த்தால் நான்கும் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் ஒரு கலைச்சொல்லை எழுத்தில் மட்டும் சோதிப்பது போதாது என்பதால், வெள்ளைப்போளம் என்னும் மணப்பிசினை முதன்மையாகக் கொண்ட, ஆண்களுக்கானது என்று பெட்டியில் அச்சிடப்பட்ட ஒரு வாசனைத் திரவியத்தை நான்கு நாள் தொடர்ந்து அணிந்து, அவ்வப்போது மூக்குக்கு எட்டியதை இந்தச் சொற்களைக் கொண்டே குறித்து வைக்க முயன்றேன். முதல் நாள் மாலைக்குள்ளாகவே இரண்டு சொற்கள் கைகொடுக்காமல் போயின. நான்காம் நாள் குறிப்பேட்டில், யோசிக்காமலேயே, ‘இன்னும் அடங்கவில்லை’ என்று எழுதியிருந்தேன். அந்த வினையிலிருந்துதான் ‘அடங்குமணம்’ என்ற என் முன்மொழிவு பிறந்தது.

சோதனைக்கு வெள்ளைப்போளத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. எலுமிச்சை இனத்து வாசனைகளைத் தெளித்த அரை மணிக்குள் அவை தம் பேச்சை முடித்துக்கொள்கின்றன. பிற்பகுதி என்று மதிப்பிட அவற்றில் பெரிதாக ஏதுமில்லை. வெள்ளைப்போளம் இதற்கு நேர் எதிர். எலுமிச்சைத் தோலின் மணத்தில் முதன்மையான லிமோனின் மூலக்கூற்றில் கார்பன் அணுக்கள் 10. வெள்ளைப்போளத்தின் தனித்த மணத்துக்குக் காரணமான ஃபியூரனோயூடெஸ்மாடையீன் போன்றவற்றில் 15. மூலக்கூறு கனமானால் தோலிலிருந்து மெல்லத்தான் கிளம்பும். ஆகவே இந்தப் பிசினை வைத்துச் செய்த திரவியத்தில் முற்பகல் முழுவதும் நடப்பது ஒரு முன்னுரைதான் என்று சொல்லலாம். அதை வாங்கலாமா வேண்டாமா என்பதைப் பிற்பகல்தான் தீர்மானிக்கிறது.

பிசினின் பெயரிலேயே இங்கு ஒரு குழப்பம் எழுந்ததால், அதைத் தீர்த்துவிட்டு மேலே செல்கிறேன். ‘போளம்’ என்று மட்டும் எழுதுவது ஆபத்து. கரியபோளம் என்பது கற்றாழைச் சாற்றைக் காய்ச்சி இறுக்கிய மூசாம்பரம். அதற்கும் நம் பேச்சுக்கும் தொடர்பில்லை. கோம்மிபோரா மிர்ரா என்னும் முள் நிறைந்த சிறுமரத்தின் பட்டையைக் கீறினால் வடிந்து, காற்றில் செம்பழுப்பாக இறுகும் பிசின்தான் வெள்ளைப்போளம். சோமாலியா, எத்தியோப்பியா, ஏமன் ஆகிய வறண்ட நிலங்கள் அதன் தாயகம். பெயரில் ‘வெள்ளை’ இருப்பது கரியதிலிருந்து பிரித்துக் காட்டவே போலும், ஏனெனில் கட்டியைக் கையிலெடுத்தால் வெண்மை எங்கும் தென்படாது. வெள்ளைப்போளத்தைக் குங்கிலியம் என்று இவ்விழையில் எழுதிய நண்பருக்கு: அது வேறு குடும்பத்து மரத்தின் பிசின். குக்குலுதான் இதே கோம்மிபோரா பேரினத்தைச் சேர்ந்த நெருங்கிய உறவு. சாம்பிராணியும் வேறு. மேலைமொழிகளில் வழங்கும் ‘மிர்’ என்ற பெயர், கசப்பைக் குறிக்கும் செமித்திய வேரிலிருந்து வந்தது. முகர்ந்தவர்கள் அதை ஒத்துக்கொள்வார்கள்.

இனி, அணிந்ததைச் சொல்கிறேன். காலை ஏழு மணிக்கு, மணமில்லாச் சோப்பால் கழுவித் துடைத்த இடது முன்கையின் உட்புறத்தில் இரண்டு முறை தெளித்தேன். ஒப்பிடுவதற்காக ஒரு காகிதப் பட்டையிலும் ஒருமுறை தெளித்துச் சன்னலோரம் வைத்தேன். முதலில் வந்தது சாராயத்தின் சுள்ளென்ற நெடி; அது ஒரு நிமிடத்தில் போயிற்று. தோல் அப்போதே உலர்ந்துவிட்டது என்பதை இங்கு குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். அதையடுத்து பர்கமோட் என்னும் எலுமிச்சை இனத்துப் பழமும் கருமிளகும் கலந்த ஒரு துடிப்பான மணம் ஏறக்குறைய இருபத்தைந்து நிமிடம் நின்றது. நன்றாக இருந்தது, ஆனால் எந்தப் புட்டியைத் திறந்தாலும் கிடைக்கக்கூடிய நன்மைதான் அது. எட்டு மணியளவில் லாவெண்டருக்கு அடியிலிருந்து கசப்பு தலைகாட்டியது. பூட்டியிருந்த பழைய மருந்துப் பெட்டியைத் திறந்தால் முகத்தில் மோதுமே, அந்தத் தூசும் வேரும் கலந்த காற்று. அதனோடு நனைந்த காளானின் மண்வாடை. இந்த இடத்தில்தான் பலர் முகம் சுளித்துக் கையைக் கழுவிவிடுகிறார்கள். முதல் நாள் நானும் கழுவிவிடலாமா என்று நினைத்தேன்.

கழுவாமல் விட்டதற்குப் பலன் பதினொரு மணிக்கு மேல் கிடைத்தது. மருந்து நெடி படிப்படியாகத் தணிந்து, அதிமதுரத்தைக் கடித்தபின் நாக்கில் நிற்பது போன்ற, சர்க்கரைக்குச் சம்பந்தமில்லாத ஓர் இனிப்பு கசப்புக்குள்ளிருந்து மேலேறி வந்தது. இரண்டு மணிக்கு வெட்டிவேரும் அந்தப் பிசினும் பிரித்தறிய முடியாதபடி ஒன்றாகி, கையை மூக்கருகே கொண்டுபோனால் மட்டும் தெரியும் அளவுக்குத் தோலோடு ஒட்டிக் கிடந்தன. மாலை ஐந்துக்கும் அது அப்படியேதான் இருந்தது. காகிதப் பட்டையிலோ அந்த நேரத்திலும் மருந்துப் பெட்டிதான்! தோலின் சூடும் எண்ணெய்ப் பசையும் இல்லாத காகிதத்தில் திரவியம் மெதுவாகவும் தட்டையாகவும் விரிகிறது. காகிதத்தில் மட்டும் முகர்ந்து வெள்ளைப்போளத்தைத் தள்ளிவிடுகிறவர்கள், கதையின் பாதியில் எழுந்து போகிறவர்கள்.

இப்போது சொற்களுக்கு வருகிறேன். உலர்மணம் மூலச்சொல்லை அப்படியே ஒற்றியெடுத்தது. அதுவே அதன் குறை. உலர்தல் ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டதை மேலே சொன்னேன். தமிழில் ‘உலர்ந்துவிட்டதா?’ என்று கேட்டால் ஈரம் போயிற்றா என்றுதான் யாரும் பொருள்கொள்வர். ஏழு மணி நேரம் கழித்து நேர்வதற்கு அந்த வினை பொருந்தாது. அதைவிடப் பெரிய இடையூறு ஒன்று இருக்கிறது. ஈரப்பசையோ இனிப்போ இல்லாத, மரச்சீவல் போன்ற, தூசு போன்ற மணங்களைச் சுட்ட இத்துறைக்கு ‘உலர்ந்த’ என்ற அடைமொழி தனியாகத் தேவைப்படுகிறது. வெள்ளைப்போளமே உலர்ந்த மணம் உடையது. ‘இதன் உலர்மணம் உலர்ந்தது’ என்று ஒரு மதிப்புரையில் எழுத நேர்ந்தால், வாசிப்பவர் நம்மைக் கேலி செய்வார்.

அடிமணத்தைப் பொறுத்தவரை, அது நல்ல சொல், ஆனால் அதற்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. வில்லியம் பூச்சர் என்ற ஆங்கிலேய வாசனை வேதியியலர் மணப்பொருள்களுக்கு அவை ஆவியாகும் வேகத்தைக் கொண்டு 1 முதல் 100 வரை எண் கொடுத்து, விரைந்து போவன, இடைப்பட்டன, நெடுநேரம் நிற்பன என்று மூன்றாக வகுத்தார். தலைமணம், இடைமணம், அடிமணம் என்று நாம் இவ்விழையில் முன்பே ஒப்புக்கொண்டது அந்த வகுப்புக்குத்தான். அது புட்டிக்குள் இருக்கும் பொருளைப் பற்றிய செய்தி. டிரைடவுன் என்பதோ அணிந்தவர் தோலில், ஒரு குறிப்பிட்ட பொழுதில், அடிப்பொருள்கள் எல்லாம் சேர்ந்து தரும் அனுபவத்தைப் பற்றிய செய்தி. ஒரே அடிமணப் பட்டியலைக் கொண்ட இரண்டு திரவியங்கள் முற்றிலும் வேறான முடிவுகளைத் தரக்கூடும் என்னும்போது, அடிமணத்துக்கும் டிரைடவுனுக்கும் ஒரே சொல்லைக் கொடுத்தால் அந்த வேறுபாட்டைச் சொல்ல வாயில்லாமல் போகும்.

எச்சமணம் பற்றி நீட்ட வேண்டியதில்லை. இலக்கணம் படித்தவருக்குப் பெயரெச்சமும் வினையெச்சமும் நினைவுக்கு வரலாம். மற்றவர்களுக்குக் காக்கை நினைவுக்கு வரும். ஈற்றுமணம் பழுதற்றது, ஆனால் அது ஒரு புள்ளியை மட்டும் சுட்டுகிறது. பதினொரு மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில் கசப்பு தணிந்து இனிப்பு எழுந்த அந்த மாற்றம் அதற்குள் வரவில்லை. டிரைடவுன் என்று பயன்படுத்துவோர் அந்த இறங்குமுகத்தையும் சொல்கிறார்கள், இறங்கி நின்ற நிலையையும் சொல்கிறார்கள்.

இரண்டையும் ஒரு சொல்லில் பிடிக்கத் தமிழில் வினைத்தொகை இருக்கிறது. அடங்குமணம் என்றால் அடங்கிய மணம், அடங்குகின்ற மணம், அடங்கும் மணம். காலம் தொக்கி நிற்பதால் செயலும் நிலையும் ஒன்றாக வந்துவிடுகின்றன. கொதி அடங்கியது, புழுதி அடங்கியது, காற்று அடங்கியது என்று நாம் சொல்லும்போது, மேலே எழும்பி ஆர்ப்பரித்த ஒன்று தன்னிடத்தில் வந்து அமர்ந்ததையே குறிக்கிறோம். ‘உள்ளே அடங்கியிருக்கிறது’ என்ற இன்னொரு பொருளும் இங்கே உதவுகிறது, ஏனெனில் மணம் அப்போது தோலுக்குள் அடங்கிக் கிடக்கிறது. என் வரையில் இதைவிட முக்கியமானது, இச்சொல்லை வினையாகப் பிரித்து ஆள முடிவது. ‘அடங்க நான்கு மணி நேரம் பிடிக்கிறது’, ‘அடங்கிய பிறகு முகர்ந்து பாருங்கள்’, ‘சரியாக அடங்கவில்லை, மிளகு துருத்திக்கொண்டே இருக்கிறது’ என்றெல்லாம் யாரும் விளக்கம் கேட்காமல் எழுதலாம். பெயராக மட்டும் நிற்கும் கலைச்சொல் அகராதியோடு நின்றுவிடும்.

ஒரு மறுப்பை நானே எழுப்பிக்கொள்கிறேன், நீங்கள் எப்படியும் எழுப்பத்தான் போகிறீர்கள். ஆண்களுக்கென்று இப்போது வரும் திரவியங்கள் பலவற்றில், ஆம்பரும் மரமும் போல மணக்கும், எளிதில் போகாத செயற்கை மணப்பொருள்கள் மிகுதியாகச் சேர்க்கப்படுவதால், பத்து மணி நேரம் கழித்தும் அறையெங்கும் மணம் அடித்துக்கொண்டே இருக்கிறது. அதை அடங்குமணம் என்று சொல்வது முரணாகாதா? முரண்தான். ஆனால் அந்த முரணே ஒரு மதிப்பீடாகப் பயன்படும் என்று நினைக்கிறேன். ‘இதற்கு அடங்குமணம் என்று ஒன்று கிடையாது, கடைசிவரை கத்துகிறது’ என்று எழுதினால், அந்தத் திரவியத்தின் இயல்பை ஒரே வரியில் சொல்லியாயிற்று. இதில் என் விருப்புவெறுப்பும் கலந்திருக்கிறது என்பதை மறைக்கவில்லை.

இதோடு ஒட்டிய இரண்டு சொற்களைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அணிந்தவரிடமிருந்து மணம் எவ்வளவு தூரம் எட்டுகிறது என்பதற்கு ‘வீச்சு’ போதும். மணம் வீசுகிறது என்ற வழக்கிலிருந்தே வருகிறது. எழுதும்போது அது ‘வீச்சம்’ ஆகிவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். அணிந்தவர் கடந்து போனபின் அவர் போன வழியில் நிற்கும் மணத்துக்குப் பிரெஞ்சுக்காரர், கப்பல் சென்றபின் நீரில் நிற்கும் கோட்டின் பெயரான ‘சியாஜ்’ என்பதைச் சூட்டினர். அதற்குத் ‘தடமணம்’ என்று இங்கு சொல்லப்பட்டதை நான் ஆதரிக்கிறேன். நான் அணிந்த திரவியத்தில் முதல் ஒரு மணி நேரம் வீச்சு ஒரு கை தூரம் இருந்தது. தடமணம் இல்லையென்றே சொல்லலாம். அடங்குமணம் மட்டும் ஒன்பது மணி நேரத்தைத் தாண்டியது. இந்த மூன்று சொற்களையும் கொண்டு ஒரு திரவியத்தைப் பற்றி இவ்வளவு சொல்ல முடிகிறது என்பதே எனக்கு நிறைவாக இருக்கிறது. இத்தனை நேரம் அணிந்தால் மூக்கு பழகிப்போய்த் தன் மணமே தனக்குத் தெரியாமல் போகும் என்பதால், ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் வெளியே நடந்துவிட்டு வந்தே குறிப்பெழுதினேன். மதிப்பிடப் போகிறவர்களும் அவ்வாறு செய்வது நல்லது.

ஆண்களுக்கான வாசனைத் திரவியத்தை ‘ஆண்விரை’ எனலாம் என்ற பரிந்துரைக்கும் ஒரு வார்த்தை. விரை என்பது மணப்பொருளைக் குறிக்கும் அழகிய பழஞ்சொல்தான். கோட்டம், துருக்கம், தகரம், அகில், ஆரம் என்று ஐந்து விரைகளை முன்னோர் எண்ணி வைத்தனர். ஆனால் இன்று மருத்துவத் தமிழில் விரை எந்த உறுப்பைக் குறிக்கிறது என்பதைப் பரிந்துரைத்தவர் ஒருகணம் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். ‘ஆண்களுக்கான’ என்ற பெயரடையே போதும். அதுவும் விற்பனைக்கான பிரிவே தவிர, மணத்தின் இயல்பு அன்று.

எனவே அடங்குமணத்துக்கு நான் முன்வைக்கும் வரையறை இது: தோலில் அணிந்த வாசனைத் திரவியத்தின் விரைந்து ஆவியாகும் கூறுகள் நீங்கியபின், மெல்ல ஆவியாகும் கூறுகள் ஒன்றுகலந்து தோலை ஒட்டி நிலைகொள்ளும் கட்டமும் அப்போது உணரப்படும் மணமும். தோல் என்பதை வேண்டுமென்றே சேர்த்திருக்கிறேன். நான்காம் நாள் அணிந்த சட்டையின் இடது கைமடிப்பில் இன்று காலையும் அதிமதுர இனிப்பு இருக்கிறது. அதில் கசப்பு துளியும் இல்லை. துணியில் இப்படித் தங்குவது தோலில் நிகழ்வதிலிருந்து வேறானது என்பதால், அதற்குப் ‘படிமணம்’ என்று தனியே ஒரு சொல் வைக்கலாமா என்பதையும் இத்துடன் சேர்த்துக் கருத்துக்கு வைக்கிறேன்.