புதுப்பிப்பு: குழந்தை வேண்டுமா என்று கேட்டிருந்தேனே

பூமி இப்படிச் சூடாகிக்கொண்டிருக்கும்போது குழந்தை பெற்றுக்கொள்வது சரியா என்று போன வருடம் கேட்டிருந்தேன். பலர் பொறுமையாகப் பதில் எழுதினீர்கள். என்ன ஆனது என்று சொல்ல வேண்டும் அல்லவா?

அப்போது என்னை உலுக்கியது ஒரே ஓர் எண். வளர்ந்த நாடுகளில் ஒரு குழந்தை குறைந்தால் ஆண்டுக்கு 58.6 டன் கரியமில வாயு மிச்சம் என்று 2017-இல் வந்த ஆய்வு. அந்தக் கணக்கு எப்படி வந்தது என்று உட்கார்ந்து படித்தேன். பிள்ளையின் உமிழ்வில் (அதாவது, அது வாழ்வதால் வெளியாகும் கரியமில வாயுவில்) பாதி, பேரப்பிள்ளையின் உமிழ்வில் கால் பங்கு என்று வருங்காலத் தலைமுறைகளையெல்லாம் கூட்டி, பெற்றவரின் ஆயுளால் வகுத்திருக்கிறார்கள். அதுவும் ஆளுக்கு இன்றைய உமிழ்வே என்றைக்கும் நீடிக்கும் என்று வைத்துக்கொண்டு. உமிழ்வு குறைந்தால் அந்த எண்ணும் இறங்கிவிடும். இது புரிந்த அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

ஆனால் தீர்ந்தது குற்ற உணர்வு மட்டும்தான். பிறக்கிற பிள்ளை எந்த மாதிரி வெயிலில் வளரும் என்ற பயம் அப்படியே இருக்கிறது. 2021-இல் 10 நாடுகளில் 10,000 இளைஞர்களிடம் கேட்டபோது பத்தில் நான்கு பேர் பிள்ளை பெறத் தயங்குவதாகச் சொன்னார்களாம். அவர்களை நான் நன்றாகப் புரிந்துகொள்கிறேன்.

அப்புறம் தங்கைக்குக் குழந்தை பிறந்தது. தூக்கத்தில் என் சுண்டுவிரலைப் பிடித்தவள் அரை மணி நேரம் விடவே இல்லை. கணவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு நாங்கள் எதுவும் பேசவில்லை. பேசியது ஒரு வாரம் கழித்து: ஒன்று போதும், ஆனால் ஒன்று வேண்டும்.

இப்போது நான்காவது மாதம். சேதி கேட்டு முதலில் ஓடிவந்து கட்டிக்கொண்டவள், தனக்குப் பிள்ளையே வேண்டாம் என்று முடிவெடுத்த என் தோழி.