கண்மாயில் மீன்கொத்தி, கொக்கு எடுக்க 300 மி.மீ. லென்ஸ் போதுமா?

கலுங்கடி:
வணக்கம். சிவகங்கை மாவட்டம், திருப்பத்தூர் பக்கம் எங்கள் ஊர். வீட்டுக்குப் பின்னாலேயே கண்மாய். இந்த ஐப்பசி மழையில் நிரம்பி மறுகால் போய்விட்டது. மீன்கொத்தி, கொக்கு, நாமக்கோழி, நீர்க்காகம் எல்லாம் இருக்கின்றன. கையில் ஒரு பழைய கேனானும் 70-300 லென்சும் உண்டு. மீன்கொத்தி பாய்வதை எடுத்தால் வெறும் நீலக் கோடுதான் விழுகிறது. கொக்கை எடுத்தால் இறகு ஒன்றும் தெரியாமல் வெளுத்துப்போகிறது. அதைவிட, கரையில் நாலு எட்டு வைத்தாலே எல்லாம் எழுந்து அக்கரைக்குப் போய்விடுகின்றன. 150-600 வாங்கச் சொல்கிறார் ஒரு நண்பர். அவ்வளவு பணம் இல்லை. என்ன செய்யலாம்?

நிழற்பெட்டி:
கோடு விழுவதற்கு ஷட்டர் வேகம்தான் காரணம். 1/2000 நொடிக்குக் குறையாத வேகம் வையுங்கள், ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன்) ஆட்டோவில் விடுங்கள். படத்தில் பொடிப்பொடியாகப் புள்ளி வந்தால் வரட்டும், அதைப் பிறகு குறைக்கலாம். அசைந்த படத்தை ஒன்றும் செய்ய முடியாது. கொக்கு விஷயம் வேறு. பின்னால் இருண்ட தண்ணீர் நிறைய இருந்தால் கேமரா அந்த இருட்டைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை, அதாவது வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற அமைப்பை, மைனஸ் 1க்குக் கொண்டுபோங்கள். கொக்கே ஃப்ரேமை நிறைத்து நின்றால் இதற்கு நேர்மாறு, பிளஸ் பக்கம் போக வேண்டும். ஜேபெக்கில் இல்லாமல் RAW கோப்பாக எடுங்கள்.

பால்சொசைட்டி:
தம்பி, லென்ஸை விடுங்கள். உங்களைப் பார்த்து ஓடுகிற கொக்கு 600 மி.மீ.க்கும் ஓடத்தான் செய்யும். முதுகு கொஞ்சம் பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான்.

நான் பால் சொசைட்டியில் அளவு எடுக்கிற ஆள். காலைப் பால் வண்டி ஏறியதும் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் நேராகக் கண்மாய்தான். என்னிடமும் 300தான் இருக்கிறது. கரை மேல் மட்டும் நடக்க மாட்டேன். கரை உயரம், பின்னால் வெறும் வானம், அதில் ஓர் ஆள் நடந்தால் கண்மாயில் இருக்கிற அத்தனை கண்ணுக்கும் தெரியும். சூரியன் முதுகுக்கு வருகிற மாதிரி பார்த்து, மடைப் பக்கம் கீழே இறங்கி உட்கார்ந்துவிடுங்கள். உட்கார்ந்தால் கேமராவும் தண்ணீர் மட்டத்துக்கு வந்துவிடும், பின்னணி தானாக மங்கும். முதலில் எல்லாம் கலைந்துதான் போகும். அசையாமல் இருந்தால் முக்குளிப்பான் வரும், அப்புறம் மடையான், ஒவ்வொன்றாக வந்து சேரும்.

மடைத்தூணைச் சொல்லக் காரணம் உண்டு. வெண்மார்பு மீன்கொத்திக்கு அது குத்தகை எடுத்த இடம். பாய்ந்து பிடித்தாலும் பெரும்பாலும் அதே தூணுக்கோ பக்கத்துக் கருவேலங் கொம்புக்கோதான் திரும்பும். மீனைக் கட்டையில் ஓங்கி ஓங்கி அடிக்கும், பிறகு தலைப்பக்கம் உள்ளே போகிற மாதிரி திருப்பி விழுங்கும். எனக்குப் பாய்ச்சலைவிட அந்த அடிதான் பிடிக்கும். தூணில் முன்பே ஃபோகஸ் பிடித்து வைத்துக்கொண்டு காத்திருந்தால் போதும். பாய்ச்சல்தான் வேண்டும் என்றால் கருப்பு வெள்ளை மீன்கொத்தியைத் தேடுங்கள். தண்ணீருக்கு மேல் ஒரே இடத்தில் சிறகடித்தபடி அந்தரத்தில் நிற்கும், அப்படியே தலைகீழாக விழும். அது நிற்கிற நேரம் உங்கள் பழைய கேமராவுக்கும் போதும். சின்ன நீல மீன்கொத்தியோடு இப்போதைக்கு மல்லுக்கட்ட வேண்டாம்.

இன்னொன்று, எருமை மேய்கிற பக்கம் போங்கள். மாடு மேய்ப்பவரைப் பார்த்து எந்தக் கொக்கும் பறப்பதில்லை. எருமைக் கால் கிளப்புகிற பூச்சிக்கு உண்ணிக்கொக்கு கூடவே நடக்கும், முதுகில் கரிச்சான் உட்கார்ந்திருக்கும். பத்து மணிக்கு மேல் தண்ணீர் மேல் அனல் அலையடிக்கத் தொடங்கும், அதன்பிறகு தூரத்தில் இருப்பது எதுவும் கூர்மையாக விழாது. வீட்டுக்குப் போய்விடலாம்.

இப்போது கண்மாய் பெருகிக் கிடப்பதால் பறவை சிதறிக் கிடக்கும். மாசி, பங்குனியில் தண்ணீர் வற்றி மீன் ஒரு பள்ளத்தில் சேரும்போது பாருங்கள்! நத்தை குத்தி நாரை, சங்குவளை நாரை, வெள்ளைக் கொக்கு எல்லாம் ஒரே இடத்தில் நிற்கும். மீன்பிடித் திருவிழாவுக்கு முன்னால் போய்விட வேண்டும். உங்கள் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டி இருக்கிறதே, வேட்டங்குடிச் சரணாலயப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடாத ஊர். அங்கே கூடு கட்டுகிற நாரை, கொக்குகள் இரைக்குச் சுற்றுவட்டாரக் கண்மாய்க்கும் வயலுக்கும்தான் வந்தாக வேண்டும். சரணாலயத்தைவிட நம் ஊர்க் கண்மாயில்தான் அவற்றைப் பக்கத்தில் பார்க்கலாம் என்பது என் கட்சி.

தும்பிக்காரி:
என்னிடம் கேமராவே கிடையாது, எல்லாம் போன்தான். அதனால் நான் தட்டான் பக்கம் ஒதுங்கிவிட்டேன். மார்கழிக் காலையில் கோரை நுனியில் பனியோடு உட்கார்ந்திருக்கும், உடம்பு சூடேறாமல் அதனால் பறக்க முடியாது. போனை எவ்வளவு பக்கத்தில் வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். ஆனால் தொட்டுவிடாதீர்கள், கோரையை ஆட்டாதீர்கள். உச்சி வெயிலில் சில தட்டான்கள் வாலைச் சூரியனை நோக்கிச் செங்குத்தாகத் தூக்கி நிற்கும். வித்தை காட்டவில்லை, உடம்பில் வெயில் குறைவாகப் படத்தான் அப்படி. பறவைக்காரர்கள் வீட்டுக்குப் போகிற நேரத்தில் எங்களுக்கு வேலை தொடங்கும் :) பக்கவாட்டிலிருந்து, முழு உடம்பும் ஒரே கூர்மையில் வருகிற மாதிரி எடுங்கள். பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், 2015இலிருந்து நடக்கிறது. உங்கள் கண்மாய்ப் பட்டியலையும் இ-பேர்டில் (பார்த்த பறவைகளைப் பதிகிற இணையதளம்) ஏற்றுங்கள். பெயர் தெரியாத பறவையையும் இங்கே போடலாம், யாராவது சொல்லிவிடுவார்கள்.

கலுங்கடி:
நன்றி எல்லோருக்கும். அண்ணே, மடை யோசனை பிடித்திருக்கிறது. ஆனால் அங்கே ஓர் ஆள்காட்டிக் குருவி இருக்கிறது. என்னைக் கண்டதுமே கத்தி எல்லாவற்றையும் கிளப்பிவிடுகிறது. அதை என்ன செய்வது?

பால்சொசைட்டி:
ஒன்றும் செய்ய முடியாது, அதன் உத்தியோகமே அதுதான். இப்போது என்றால் உட்கார்ந்ததும் கொஞ்ச நேரத்தில் ஓய்ந்துவிடும். பங்குனிக்கு மேல் தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்தினால் முட்டை பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். கூடு என்று ஒன்றும் இருக்காது, சரளைக்கல்லோடு கல்லாக வெறுந்தரையில் கிடக்கும், மிதித்துவிடுவோம். வெயில் காலத்தில் தாய்ப்பறவை வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்து முட்டையைக் குளிர்விக்கும். நாம் அங்கே நின்றுகொண்டிருந்தால் அது வராது, முட்டை வெந்துவிடும். அதனால் கூட்டுப் படம் வேண்டாம், வந்த வழியே திரும்பிவிடுங்கள். அப்புறம், செருப்போடு போகாதீர்கள். மடைக்குக் கீழே புல்லுக்குள் கண்ணாடி விரியன் கிடக்கும். ஷூ போட்டுக்கொண்டு, கம்பால் தட்டிவிட்டு உட்காருங்கள்.