ஹாலோபெரிடால் தொடங்கிய பின் வரும் பரபரப்பு: நோயா, மருந்தா?

கேள்வி (ஆண்கள் மனநலப் பிரிவுச் செவிலியர்):
எங்கள் பிரிவில் 23 வயது இளைஞர் ஒருவருக்கு, மனநோய் மருந்தான ஹாலோபெரிடால் 5 மி.கி. தசை ஊசியாகப் போடப்பட்டது. மறுநாள் மாலை அவருடைய கண்விழிகள் மேலே செருகி, கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. "நடிக்கிறான்" என்றார் உதவியாளர்; காத்துக்கருப்பு பட்டுவிட்டது என்று அழுதார் தாயார். மருத்துவர் சொன்னபடி புரோமெதசின் ஊசி போட்டதும் அரை மணி நேரத்தில் கழுத்து நேரானது. அது மருந்தின் விளைவு என்பதில் எனக்கு ஐயமில்லை. பிறகு நடந்ததுதான் கவலை தருகிறது. அதே மருந்து மாத்திரையாகத் தொடர, நான்காம் நாள் முதல் அவரால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் இரண்டு கவளம் உண்பதற்குள் எழுந்து நடக்கிறார். இரவுக் குறிப்பேட்டில் "கிளர்ச்சி அதிகம், ஊசி போடப்பட்டது" என்றிருக்கிறது. அந்த ஊசியும் ஹாலோபெரிடால்தான். மறுநாள் நடை இன்னும் கூடியது. நோயால் வரும் கிளர்ச்சியையும் மருந்தால் வரும் பரபரப்பையும் எப்படிப் பிரித்தறிவது?

பதில் 1:
சிஸ்டர், இது பெரும்பாலும் அகதீசியா, அதாவது மருந்தால் ஓரிடத்தில் இருக்க முடியாமல் வரும் தவிப்பு. அவரை உட்காரவைத்து, குரல்கள் கேட்கின்றனவா என்று கேட்பதற்கு முன், "கால் எப்படி இருக்கிறது?" என்று கேளுங்கள். நான் கேட்ட ஒருவர், "காலுக்குள் எறும்பு ஊர்கிறது சிஸ்டர், நடந்தால்தான் கொஞ்சம் அடங்குகிறது" என்றார். அவர் நடக்க விரும்பி நடக்கவில்லை. மருந்து தொடங்கிய நாளையும் அளவு கூட்டிய நாளையும் பரபரப்பு கூடிய நேரத்தோடு அருகருகே எழுதிக் காட்டினால், மருத்துவருக்கு அதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. இந்தத் தவிப்பு தாங்காமல் தற்கொலைக்கு முயல்வோரும் உண்டு என்பதால், காலை ரவுண்ட்ஸ் வரை காத்திருக்காதீர்கள். மருத்துவர் அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம், புரோபிரனலால் சேர்க்கலாம். அந்த மருந்து ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது, நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் குறைக்கும்; அதனால் ஆஸ்துமா உண்டா என்பதையும் நாடித்துடிப்பு, இரத்த அழுத்தத்தையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பதில் 2:
ஒன்று சேர்க்கிறேன். கழுத்து இழுப்புக்குக் கைகொடுக்கும் பாசிடேன் (டிரைஹெக்சிஃபெனிடில்) மாத்திரை அகதீசியாவில் அவ்வளவாகப் பயன்படுவதில்லை. மலச்சிக்கலும் சிறுநீர் அடைப்பும்தான் மிஞ்சக்கூடும். இன்னொன்று: நடந்துகொண்டிருந்தவர் திடீரென அடங்கிவிட்டால் நிம்மதி அடையாமல் காய்ச்சல் பாருங்கள். காய்ச்சல், உடல் விறைப்பு, குழம்பிய பேச்சு, ஏறி இறங்கும் இரத்த அழுத்தம், மிகுந்த வியர்வை ஆகியவை சேர்ந்து வந்தால் நியூரோலெப்டிக் மேலிக்னன்ட் சிண்ட்ரோம் (இவ்வகை மருந்துகளால் அரிதாக வரும், உயிருக்கு ஆபத்தான விளைவு) என்றே கருதி, அடுத்த வேளை மருந்தைக் கொடுக்காமல் நிறுத்திவைத்து உடனே மருத்துவரை அழைக்க வேண்டும்.

பதில் 3:
இந்தியாவில் 2010 முதல் நடைபெறும் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு இத்தகைய பக்கவிளைவுகளைச் செவிலியரும் நேரடியாகத் தெரிவிக்கலாம். கட்டணமில்லா எண் 1800-180-3024. மருந்துதான் காரணம் என்று உறுதிப்படும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, ஐயம் போதும்.

கேட்டவர்:
இன்று அவரிடம் காலைப் பற்றிக் கேட்டேன். "இதை யாரும் கேட்கவே இல்லை" என்று அழுதுவிட்டார். மருத்துவர் ஹாலோபெரிடாலைக் குறைத்து, தேவைக்கேற்ற ஊசியையும் ரத்து செய்திருக்கிறார். இரவுப் பணியாளரிடம் நானே நேரில் ஒப்படைத்துச் சொல்லிவிட்டு வந்தேன்.