முதியோர் இல்லத்தில் ஒரே சமையலறை, ஆளுக்கொரு சாப்பாட்டுப் பழக்கம்: எங்கே தொடங்குவது?

கேள்வி – அடுப்படிப் பொறுப்பு:
சேர்க்கைப் படிவத்தில் சைவமா அசைவமா என்று ஒரே ஒரு கட்டம்தான். சிலர் தட்டைத் தொடாமலே திருப்பி அனுப்புகிறார்கள். ஒருவருக்கு மசித்த உணவு, இன்னொருவர் ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை எடுக்கிறார். ஆளுக்கொன்றாகச் சமைக்க ஆட்கள் கிடையாது.

பதில் 1 – டயட்டீஷியன்:
அந்தக் கட்டத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. எதைத் தொடவே மாட்டார், எந்த நாட்களில் விரதம், கையால் சாப்பிடுவாரா ஸ்பூனா, காய்ச்சல் வந்தால் வீட்டில் என்ன கொடுப்பார்கள் என்று கேளுங்கள். பசியே இல்லாத நாளில் உள்ளே இறங்குவது அந்தக் காய்ச்சல் சாப்பாடுதான். மறதி நோய் இருந்தால் குடும்பத்தாரிடம் கேளுங்கள். இன்சுலின் போடுபவர் விரதம் இருப்பதாகச் சொன்னால் முன்கூட்டியே டாக்டரிடம் பேசிவிடுங்கள், சர்க்கரை தாழ்ந்துவிடும். வாரம் ஒருமுறை எடை பாருங்கள். 30 நாளில் 5 சதவீதம் குறைந்தால், அதாவது 50 கிலோ ஆளுக்கு 2.5 கிலோ, காத்திருக்கவே கூடாது.

கீரை வார்ஃபரினின் வேலையைக் குறைக்கும்தான், அதற்காகக் கீரையை நிறுத்தத் தேவையில்லை. அளவு வாரத்துக்கு வாரம் ஏறி இறங்காமல் இருந்தால் போதும்.

பதில் 2 – பெரிய அண்டா:
காய், பருப்பு, சாதத்தை மொத்தமாக வேகவைத்து, கடைசியில் பிரித்து காரம், புளிப்பு, தாளிப்பை மட்டும் மாற்றுங்கள். கெடுவது பெரும்பாலும் கரண்டியில்தான்: அசைவத்தில் போட்டதையே சைவத்திலும் போடுவார்கள். நிறம் பிரித்து வாங்குங்கள். பொரித்த எண்ணெயையும் அப்படியே தனித்தனியாக வையுங்கள். சூப் க்யூப், ஜெல்லி லேபிளைப் படியுங்கள், ஜெலட்டின் விலங்கிலிருந்து வருவது. ஹலால் இறைச்சிக்குத் தனிப் பாத்திரம் வைக்க முடியாவிட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

பதில் 3 – விழுங்கல் சிகிச்சை:
மசித்த உணவு என்றால் எல்லாவற்றையும் சேர்த்து அரைத்துவிடுகிறார்கள், சாம்பல் நிறத்தில் ஏதோ வரும், யார் சாப்பிடுவார்? ஒவ்வொன்றையும் தனியாக அரைத்துத் தனியாக வையுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், ருசி போய்விடும். அதே குழம்பை ஊற்றி அரையுங்கள். ஸ்பூனைச் சாய்த்தால் மொத்தையாக வழுக்கி விழ வேண்டும். ஒட்டிக்கொண்டால் தொண்டையிலும் ஒட்டும். சாதத்தை மிக்ஸியில் அதிகம் ஓட்டினால் மாவுச்சத்து பசையாகிவிடுவது இதனால்தான் ஆபத்து. விழுங்கச் சிரமப்படுபவர்களின் உணவுப் பதத்துக்கு ஐடிடிஎஸ்ஐ என்று ஒரு சர்வதேச அளவுகோல் இருக்கிறது. அதில் 5ஆம் நிலை, அதாவது பொடியாக்கிய ஈரமான உணவு என்றால் துண்டின் அகலம் 4 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. சாதாரண முள்கரண்டியின் பல் இடைவெளி அவ்வளவுதான்.

கேள்வி – அடுப்படிப் பொறுப்பு:
வீட்டிலிருந்து கொண்டுவருவதை அனுமதிக்கலாமா?

பதில் 2 – பெரிய அண்டா:
தாராளமாக. பெயரும் தேதியும் ஒட்டி, சமைத்த 2 மணி நேரத்துக்குள் 5 டிகிரிக்குக் கீழே ஃப்ரிட்ஜில் வையுங்கள். சூடாக்கும்போது நடுப்பகுதி 75 டிகிரி தொட வேண்டும், அதுவும் ஒரே ஒருமுறை. மசித்த உணவுக்காரருக்கு வந்ததை மட்டும் நர்ஸ் பார்க்காமல் கொடுக்காதீர்கள்.