பழைய டீசல் ரயில்கார் பெட்டி: முதலில் பெயிண்டா, கூரையா?

பகாவ் பையன்:
வணக்கம். நாங்கள் ஆறு பேர், எல்லாரும் மலேசியாவில் பகாவ் தோட்டப்புறத்துப் பிள்ளைகள், சேர்ந்து ஒரு பழைய டீசல் ரயில்கார் பெட்டியை வாங்கியிருக்கிறோம். விட்டிருந்தால் பழைய இரும்புக்குப் போயிருக்கும். இரண்டு பக்கமும் ஓட்டுநர் அறை, தரைக்கு அடியில் இஞ்சின், நடுவில் இருக்கைகள். என் தாத்தா இந்தத் தண்டவாளத்தில் சல்லிக்கல் அள்ளிப் போட்டவர், அதனால் இதை எப்படியும் காப்பாற்ற வேண்டும் எனக்கு. இப்போது செம்பனை ஓரம் வெட்டவெளியில் தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது. தைப்பூசத்துக்குள் பெயிண்ட் அடித்துவிட்டால் ஊர் சனம் பார்க்க வரும், பணமும் சேரும் என்கிறார்கள் குழுவில் பாதிப் பேர். சரிதானா?

செந்தூல் வாசி:
தம்பி, பெயிண்ட் டின்னைத் தொடாதீர்கள். தார்ப்பாயையும் கழற்றுங்கள், மேலே மழையைத் தடுக்கும், ஆனால் மண்ணிலிருந்து எழும் ஈரம் வெளியே போக வழியில்லாமல் பெட்டி உள்ளேயே வியர்த்துக்கொண்டிருக்கும், நம் ஊர்ப் புழுக்கத்தில் அதுவே துருவுக்குப் போதும். நாலு பக்கமும் காற்றோட்டமாக ஒரு தகரக் கொட்டகை போடுங்கள், இருக்கிற பணம் முதலில் அதற்குத்தான். அப்புறம் ஒரு ஸ்க்ரூட்ரைவர் எடுத்து, கதவுத் தூண் தரையைத் தொடும் இடத்தில் குத்திப் பாருங்கள். ஜன்னல் ரப்பர் வெடித்திருந்தால் தண்ணீர் உட்பலகைக்குப் பின்னால் இறங்கி அங்கேதான் தேங்கும். வெளித்தகடு நன்றாகத் தெரியும்போதே உள்ளே தூண் கரைந்திருக்கும், அதன்மேல் பெயிண்ட் அடித்தால் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது.

ஒன்று மிக முக்கியம், உட்பலகையை நீங்களாகப் பெயர்க்காதீர்கள். பிரிட்டனில் 1950களில் கட்டிய டீசல் பெட்டிகள் பலவற்றில் சத்தத்தையும் சூட்டையும் தடுக்க நீல ஆஸ்பெஸ்டாஸ் அடைத்திருந்தார்கள், அந்த நார்த்தூசி மூச்சில் போனால் நுரையீரலுக்கு ஆபத்து. உங்கள் பெட்டி எங்கே கட்டியது என்று அதிலுள்ள தயாரிப்பாளர் பெயர்த் தகட்டைப் பாருங்கள், விவரம் தெரிந்தவரை வைத்து ஒரு துண்டை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிய பிறகுதான் மற்ற வேலை.

டீசல் மீனா:
அண்ணன் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆர்வத்தில் யாரும் பேட்டரி கட்டி ஸ்டார்ட் பண்ணிப் பார்த்துவிட வேண்டாம்! வருடக்கணக்கில் நின்ற இஞ்சினில் பிஸ்டன் ரிங் சிலிண்டரோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கும், இழுத்தால் உடையும். சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களைக் கழற்றி ஒவ்வொரு ஓட்டையிலும் லேசான எண்ணெய் ஊற்றி, சில நாள் ஊறவிட்டு, கம்பி போட்டுக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். ரேடியேட்டர் தண்ணீரை வடித்துவிடுங்கள், டேங்கில் கிடக்கும் பழைய டீசலும் வேண்டாம், அடியில் தண்ணீர் சேர்ந்து பாசி மாதிரிக் கசடு பிடித்திருக்கும்.

உதிரிபாகத்துக்குப் பயப்படாதீர்கள். இங்கிலாந்தில் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே 1933இல் இறக்கிய ரயில்காரிலேயே ஏஇசி இஞ்சின்தான், லண்டன் பஸ் கட்டிய அதே கம்பெனி. உங்களுடையதும் பஸ், லோரி இஞ்சின் வகையாக இருந்தால், தோட்டத்து லோரி பழுது பார்த்த பெரியவர் யாராவது ஒருவர் கை வைத்தாலே பாதி வேலை முடியும்.

ரயில் கிறுக்கன்:
ஓடும் நிலைக்குக் கொண்டுவாருங்கள், சிலையாக நிறுத்தி வைக்காதீர்கள். அயர்லாந்தில் பின்டவுனில், 1940இல் கட்டிய டோனகல் ரயில்கார் 18ஆம் எண், ஏரிக்கரை ஓரமாகக் கொஞ்ச தூரப் பாதையில்தான் ஓடுகிறது. உங்களுக்கும் ஒரு துண்டு மீட்டர் கேஜ் (ஒரு மீட்டர் அகல) தண்டவாளம் போதும். மாதம் ஒருமுறை முன்னும் பின்னும் நகர்த்தினால் சக்கரமும் பேரிங்கும் ஒரே இடத்தில் நின்று கெடாது.

பகாவ் பையன்:
எல்லாருக்கும் நன்றி. இன்று காலை தார்ப்பாயைக் கழற்றினோம், உள்ளே கூரை முழுக்க நீர்முத்து. செந்தூல் அண்ணே, நீங்கள் சொன்ன இடத்தில் குத்தினேன். இடது பக்கத் தூணில் ஸ்க்ரூட்ரைவர் பிடி வரைக்கும் இறங்கிவிட்டது, வெளியில் எடுத்தபோது நனைந்த பிஸ்கட் மாதிரி துரு உதிர்ந்தது. வலது பக்கம் கெட்டியாக இருக்கிறது. காரணமும் தெரிந்தது, இடது பக்க வடிகால் ஓட்டையைக் குளவி மண்கூடு கட்டி அடைத்திருக்கிறது. கூட்டைச் சுரண்டி எடுத்ததும் கருப்பாக ஒரு வாளித் தண்ணீர் கொட்டியது. படம் எடுத்து வைத்திருக்கிறேன். பெயிண்டுக்கு ஒதுக்கிய பணத்தில் நாளை தகரம் வாங்கப் போகிறோம்.