புதுப்பிப்பு: களப்பயிற்சிக்கு உதவித்தொகை கிடைத்துவிட்டது

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: முதுகலைப் படிப்பில் இரண்டு மாதக் களப்பயிற்சி, ஆத்தங்குடிக் கல் (கையால் செய்யும் சிமென்ட் தரைக்கல்) பட்டறைகளில் ஆண், பெண் கூலி வேறுபாடு பற்றி, பயிற்சி தரும் அமைப்பு பணம் தராது, என்ன செய்யலாம் என்று.

பலரும் புதுமைப் பெண் திட்டத்தைச் சொன்னீர்கள். அரசு அதில் மாணவிகளுக்கு மாதாமாதம் தரும் 1,000 ரூபாய் இளங்கலையோடு நின்றுவிடுகிறது. கடைசியில் கைகொடுத்தது காரைக்குடியில் ஒரு குடும்ப அறக்கட்டளை. மாதம் 6,000 ரூபாய். முதல் தவணை வந்துவிட்டது.

'பாலினச் சமத்துவம்' என்று பொத்தாம்பொதுவாக எழுதிய முதல் கடிதத்துக்குப் பதிலே இல்லை. இரண்டாவதில் மதியச் சாப்பாடு, நகல் எடுக்கும் செலவு என்று ஒவ்வொன்றையும் எழுதினேன். நகரப் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால் பயணத்துக்குக் கேட்கவில்லை. சம ஊதியச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது என்பதையும் சேர்த்தேன். நான்கே நாளில் அழைத்தார்கள்.

நேற்று ஒரு பட்டறையில் இருந்தேன். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து வண்ணக் கலவையை ஊற்றுவதெல்லாம் ஆண்கள். மணல் சலிப்பதும், கல்லைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி எடுப்பதும் பெண்கள், கூலியும் குறைவு. சிமென்டில் விரல் நுனி வெடித்த ஓர் ஆச்சி, "எனக்கும் பூப்போடத் தெரியும் தாயி, யாரும் கேட்டதில்லை" என்றார். பொருமிக்கொண்டே வீடு திரும்பினேன்.

பெண்கள் அச்சில் வண்ணம் ஊற்றும் பட்டறை எங்காவது இருந்தால் சொல்லுங்கள். திங்கட்கிழமையே போகிறேன்.