புதுப்பிப்பு: மஞ்சள் போர்டு காருக்கு பேட்ஜ் வேண்டுமா?

சென்னையில் கால் டாக்சி ஓட்டுவது பற்றிய முந்தைய பதிவில் பேட்ஜ் (வாடகை வண்டி ஓட்டுவதற்கான தனி அனுமதி) கட்டாயம் என்று எழுதியிருந்தேன், திருத்திக்கொள்ளுங்கள். மொத்த எடை 7,500 கிலோவைத் தாண்டாத காருக்கு சாதாரண எல்எம்வி (இலகுரக வாகன) லைசென்ஸே போதும். உச்ச நீதிமன்றம் 2017-இல் சொன்னதை 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வும் உறுதிசெய்துவிட்டது.

வண்டியை வாடகைக்கு ஓட்டுவதற்கான பர்மிட் 5 ஆண்டு செல்லும். முடிவதற்கு 15 நாள் முன்பே புதுப்பிக்க விண்ணப்பித்துவிட வேண்டும்.

பலர் கோட்டைவிடுவது எஃப்சியில்தான் (வண்டியின் தகுதிச் சான்றிதழ்). வண்டிக்கு 8 வயதாகும்வரை 2 ஆண்டுக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுதோறும். பழைய வண்டி வாங்கியவர்கள் இந்த மாற்றத்தைக் கவனிப்பதே இல்லை. எஃப்சி காலாவதியானால் சட்டப்படி ஆர்சியும் (பதிவுச் சான்றிதழ்) செல்லாததற்குச் சமம்; விபத்து நடந்தால் காப்பீட்டுக்காரர்கள் முதலில் கேட்பது எஃப்சி தாளைத்தான்.

வெள்ளை போர்டில் (சொந்த உபயோக வண்டியில்) சவாரியா? பர்மிட்டே இல்லாத ஓட்டம் அது. வேண்டாம்.